1966 மஸ்டாங் கன்வெர்ட்டிபிள் வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: நான் அமெரிக்காவில் வசிக்கிறேன். 1966ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்ட்டிபிள் (துணிக்கூரையை மடக்கித் திறக்கும் கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விற்பவர் அதை ‘ரோட்ஸ்டர்’ என்றும் சொல்கிறார். இரும்புக் கூரை உள்ள காரை அறுத்து, திறந்த காராக்கி விற்பவர்களும் உண்டு என்று நண்பர் எச்சரிக்கிறார். உண்மையை எப்படி அறிவது?

பதில்: நண்பரின் எச்சரிக்கையைப் புறக்கணிக்காதீர்கள். 1966ஆம் ஆண்டு மாடலில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மஸ்டாங்குகள் ஹார்ட்டாப், அதாவது நடுத்தூண் இல்லாத இரும்புக் கூரை வகையாகவே வந்தன. கன்வெர்ட்டிபிள்கள் 72,000 அளவில்தான் வந்தன. குறைவாக வந்த வகைக்கு இன்று விலை அதிகம் என்பதே இந்த மாற்று வேலைக்குத் தூண்டுதல்.

மாற்றத்தை மறைப்பது எளிதாக இருப்பதற்கு உடல் வடிவத்தின் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. 1949இல் பியூக் ரோட்மாஸ்டர் ரிவியரா, காடிலாக் கூப் டி வில் ஆகிய கார்கள் நடுத்தூண் இல்லாத இரும்புக் கூரையோடு வந்தன. கன்வெர்ட்டிபிளின் தோற்றத்தை விரும்பி, துணிக்கூரையின் ஒழுகலையும் இரைச்சலையும் விரும்பாதவர்களுக்கான ஏற்பாடு அது. மஸ்டாங் ஹார்ட்டாப் அந்த மரபில் வந்ததால், அதன் கூரையை எடுத்துவிட்டாலும் பக்கத்தோற்றம் அசல் கன்வெர்ட்டிபிளைப் போலவே இருக்கும்.

ஆகவே கண்ணை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். முன்மூடியைத் திறந்தால், ஓட்டுநர் பக்க உள் ஃபெண்டரின் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள உட்தகட்டின்) மேல்விளிம்பில் வாகன அடையாள எண் பொறிக்கப்பட்டிருக்கும். டியர்போர்ன் ஆலையில் உருவான 1966 வண்டியின் எண் ‘6எஃப்’ என்று தொடங்கும்; அடுத்த இரண்டு இலக்கங்களே உங்களுக்கு முக்கியம். 08 என்றால் கன்வெர்ட்டிபிள், 07 என்றால் ஹார்ட்டாப், 09 என்றால் ஃபாஸ்ட்பேக் (கூரை பின்நோக்கிச் சரிந்து இறங்கும் வகை). ஓட்டுநர் கதவில் ஆணியடித்துப் பொருத்திய தகட்டில் உடல் வகைக் குறியீடு 76 என்று தொடங்க வேண்டும். ஆனால் கதவையே மாற்றிவிடலாம், தகடும் புதிதாகக் கிடைக்கும் என்பதால், தகட்டை மட்டும் சான்றாக ஏற்காதீர்கள். உடலில் பொறித்த எண்ணும் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது அடித்தளம், நான் மிகுந்த அக்கறையோடு வலியுறுத்துவது இதைத்தான். 1920களுக்கு முந்தைய திறந்த கார்களில் கனமான சேசிஸே, அதாவது அடிச்சட்டமே பளுவைத் தாங்கியது. கூரை வெறும் மழைத் தடுப்பு. மஸ்டாங்கிலோ தனிச் சேசிஸ் கிடையாது. தரை, பக்கங்கள், கூரை எல்லாம் பற்றவைத்த ஒரே கூடு. கூரையை நீக்கினால், மூடியை எடுத்துவிட்ட அட்டைப் பெட்டி போல அது முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் ஃபோர்டு தன் கன்வெர்ட்டிபிள்களுக்குக் கதவின் கீழே ஓடும் ராக்கர் பகுதியின் உட்தகட்டைத் தடிப்பாக்கி, தரைக்கடியில் கூடுதல் வலுவூட்டல்களையும் கொடுத்தது. வீட்டுக் கொட்டகையில் அறுத்த வண்டியில் இவை இருப்பதில்லை, அல்லது அரைகுறையாக இருக்கும். வேகத்தில் செல்லும்போதும் மோதலின்போதும் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

அசல் கன்வெர்ட்டிபிளிலும் இந்த ராக்கர் துருப்பிடித்தால் நிலைமை அதேதான். வண்டி தரையில் நிற்கும்போது கதவின் பின்விளிம்பு இடைவெளியைக் கவனியுங்கள்; கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருந்தால் நடுப்பகுதி தொய்ந்துவிட்டது என்று பொருள். பிறகு ஜாக் வைத்து ஒரு பக்கம் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ கதவு சிக்கினாலோ, அந்த வண்டியைத் தொடாதீர்கள். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் பகுதியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, உள்ளே கால் வைக்கும் இடம் நனைகிறதா என்றும் பார்க்க வேண்டும். 1965, 1966 மஸ்டாங்குகளில் அங்கே துருப்பிடிப்பது பலரும் அறிந்த குறை. தரைத்தகடு அழுகுவது பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்கும்.

விற்பவர் சொல்லும் ‘ரோட்ஸ்டர்’ இதற்குப் பொருந்தாது. இரண்டு பேர் அமரும், ஏற்றி இறக்கும் பக்கக் கண்ணாடி இல்லாத, மழை வந்தால் பக்கத்திரைகளை மாட்டும் திறந்த காரையே ரோட்ஸ்டர் என்றார்கள். 1953இன் கார்வெட் அப்படிப்பட்டது. பெயர் பிழையாக இருப்பதால் மட்டும் விற்பவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பழைய கார் விளம்பரங்களில் இது சகஜம்.

துணிக்கூரையைக் கடைசியாகப் பாருங்கள். விசையால் இயங்கும் கூரையை 1939இலேயே பிளிமத் நிறுவனம் வெற்றிட உருளைகளைக் கொண்டு அறிமுகப்படுத்தியது. மஸ்டாங்கில் அது கூடுதல் விலைக்குக் கிடைத்த ஹைட்ராலிக் அமைப்பு. பின் இருக்கையின் பின்னால் எண்ணெய்க் கறை இருந்தால் பம்போ உருளையோ கசிகிறது. துணியையும் பம்பையும் மாற்றிவிடலாம் என்பதால், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். வாகன அடையாள எண் 07, அதாவது ஹார்ட்டாப் என்று காட்டினால், கட்டமைப்பு வேலையில் தேர்ந்த ஒருவர் வண்டியை உயர்த்தி அடியில் சோதித்து ஒப்புதல் தராதவரை முன்பணம் கொடுக்காதீர்கள். ஒப்புதல் தந்தாலும் ஹார்ட்டாப்பின் விலைக்கு மேல் போகாதீர்கள்.