அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்ட் லைசென்ஸுக்கு மாநிலச் சட்டத் தேர்வும் எழுத வேண்டுமா? பழைய கேள்விகள் கிடைக்குமா?

இந்தியாவில் பிபிடி (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்து, என்பிடிஇ (பிசிக்கல் தெரபிக்கான அமெரிக்கத் தேசியத் தேர்வு) பாஸ் செய்து, டெக்சஸில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அதே வழியில் வந்து அங்கே வேலை பார்ப்பவன் என்பதால் பதில் சொல்கிறேன்.

பழைய கேள்விகள் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தேடாதீர்கள். யாராவது தானாக அனுப்பினாலும் திறக்காதீர்கள். 2010 ஜூலையில் நடந்ததை சீனியர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். என்பிடிஇ எழுதியவர்கள் கேள்விகளை நினைவில் வைத்து வெளியே வந்து பகிர்கிறார்கள், அது பெரிய அளவில் நடக்கிறது என்று சொல்லி, லைசென்ஸ் தரும் மாநில போர்டுகளின் கூட்டமைப்பு இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், எகிப்து ஆகிய நான்கு நாடுகளில் படித்தவர்களுக்குத் தேர்வையே நிறுத்திவைத்தது. யார் செய்தார்கள், யார் செய்யவில்லை என்ற பேச்சே இல்லை, எந்த நாட்டில் படித்தாய் என்பது மட்டும்தான் கணக்கு. அடுத்த ஆண்டு இவர்களுக்கென்று வருடத்துக்கு ஒரே முறை நடக்கும் தனித் தேர்வு வந்தது. அது நியாயமா என்றால் இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் கேள்விகளை விற்றவர்களும் வாங்கியவர்களும் ஒன்றும் அறியாதவர்கள் வயிற்றில் அடித்தார்கள் என்பதும் உண்மை.

அது மட்டுமல்ல, டெக்சஸில் சட்டத் தேர்வு எழுதத்தான் வேண்டும், ஆனால் அதற்குப் பழைய கேள்வி தேவையே இல்லை. வீட்டில் உட்கார்ந்து, சட்டத்தையும் விதிகளையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை என்பதால், வேறு மாநிலத்துக்குப் போவதாக இருந்தால் அந்த போர்டின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, என்னதான் கேட்பார்கள்? நோயாளியை நீங்கள் எப்போது பார்க்கலாம், எந்த வேலையை யாரிடம் ஒப்படைக்கலாம், எதை எழுதி வைக்க வேண்டும். பெரும்பாலும் இவற்றைச் சுற்றித்தான் வரும். படிக்கும்போது குழப்புவது முதலாவதுதான். மருத்துவர் சீட்டு இல்லாமல் நேரடியாகச் சிகிச்சை தர இப்போது 50 மாநிலங்களும் ஏதோ ஒரு வகையில் அனுமதிக்கின்றன. அந்த ‘ஏதோ ஒரு வகை’ மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் 10 முறை அல்லது 30 நாட்கள், எது முதலில் வருகிறதோ அதுவரை. தெரபிஸ்டுக்கு மூன்று வருட அனுபவமும் வேண்டும். கலிஃபோர்னியாவில் 12 முறை அல்லது 45 நாட்கள். டெக்சஸ் 2019 செப்டம்பரில்தான் கதவைத் திறந்தது, அதுவும் பாதி: அப்போது வைத்த வரம்பு தொடர்ந்து 10 வேலை நாட்கள் மட்டும். டிபிடி (பிசிக்கல் தெரபி டாக்டர்) பட்டத்தோடு ரெசிடென்சி என்ற கூடுதல் பயிற்சியோ சிறப்புச் சான்றிதழோ இருந்தால் 15. இதில் உங்களுக்கு முக்கியமான வரி ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் வாங்கி ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். ஆக, முதல் வருடம் முழுக்க நீங்கள் பொதுவாக மருத்துவர் சீட்டோடுதான் சிகிச்சை தர முடியும்.

ட்ரை நீட்லிங், அதாவது வலிக்காகத் தசையில் மெல்லிய ஊசி குத்தும் முறை, இன்னொரு வேடிக்கை. அதே ஊசி, அதே தசை. வட கரோலினாவில் அக்குபங்சர் போர்டு வழக்குப் போட, தெரபிஸ்டுகள் செய்யலாம் என்று 2018-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. வாஷிங்டன் மாநிலத்தில் 2014-இல் ஒரு நீதிமன்றம் கூடாது என்றது, 2023-இல்தான் அங்கே சட்டம் மாறியது. பயிற்சிச் சான்றிதழ் கையில் இருந்தாலும், நிற்கும் மண்ணின் சட்டம்தான் பேசும்.

வீடியோ அழைப்புக்கும் இதுதான். சட்டம் பொதுவாக நோயாளி உட்கார்ந்திருக்கும் இடத்தைத்தான் பார்க்கும், உங்கள் இடத்தை அல்ல. வேறு மாநிலத்தில் இருக்கும் சித்தப்பா முதுகுவலி என்று கூப்பிட்டால் நலம் விசாரிக்கலாம், டாக்டரிடம் போகச் சொல்லலாம். பரிசோதித்து, சிகிச்சைத் திட்டம் போட்டு, பணம் வாங்கினால் அந்த மாநில லைசென்ஸோ, மாநிலங்களுக்கு இடையிலான காம்பாக்ட் ஒப்பந்தத்தின் கீழ் அனுமதியோ வேண்டும். லைசென்ஸ் கைக்கு வராத இந்த நாட்களில் இன்னும் கவனம் தேவை. டெக்னீஷியனாக வேலை செய்யலாம், ஆனால் ‘நான் பிசிக்கல் தெரபிஸ்ட்’ என்று நோயாளியிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளக் கூடாது.

யார் எதைச் செய்யலாம் என்பது தேர்வில் சுலபம்: முதல் மதிப்பீடும் சிகிச்சைத் திட்டத்தை மாற்றுவதும் தெரபிஸ்ட் வேலை, அசிஸ்டன்டிடம் தள்ள முடியாது. கஷ்டம் கிளினிக்கில்தான் ஆரம்பிக்கும்.

ஒரு மாலை நேரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நான்கு மணிக்கு இரண்டு பேரைச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த பாட்டியோடு நீங்கள் நேரடியாக இருந்தது 22 நிமிடம். அப்புறம் தோள்வலிக்காரரிடம் போய்விட்டீர்கள், பாட்டியின் உடற்பயிற்சியில் மிச்ச எண்ணிக்கையை டெக்னீஷியன் எண்ணினார். மெடிகேர் (முதியோருக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடு) கணக்கில் 8 முதல் 22 நிமிடம் வரை பில்லில் ஒரு யூனிட், 23 ஆனால் இரண்டு. டெக்னீஷியன் நின்ற நேரம் சேராது. மேனேஜர் வந்து, “ஒரு நிமிஷம்தானே, 23 என்று போடுங்கள்” என்பார். யாரும் மிரட்ட மாட்டார்கள், சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இது வாராவாரம் நடந்தது. நோட்டில் கையெழுத்து உங்களுடையது, லைசென்ஸ் எண் உங்களுடையது. பின்னால் தணிக்கை வந்தால் ‘மேனேஜர் சொன்னார்’ என்பது பதிலாகாது. மத்திய அரசுக்குப் பொய் பில் அனுப்பிய வழக்காக அது போகலாம், போர்டு தனியாக விசாரிக்கும்.

விசா ஸ்பான்சர் செய்த முதலாளியிடம் இதை மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நெறிமுறை வகுப்பில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் வழி இதுதான்: தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் நோயாளி எதிரிலேயே நோட்டில் ஏற்றிவிடுவேன். எழுதியாகிவிட்ட எண்ணை மாற்றச் சொல்ல வாய் வராது. அப்படியும் கேட்டால், “இதை மின்னஞ்சலில் அனுப்புங்கள், பார்க்கிறேன்” என்பேன். இதுவரை ஒரு மின்னஞ்சலும் வந்ததில்லை.

படிப்பதற்கு: டெக்சஸ் போர்டின் தளத்தில் சட்டம், விதிகள் என இரண்டு ஆவணங்கள் இருக்கின்றன. இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். விதிகள்தான் அடிக்கடி மாறும், அதனால் நண்பர் அனுப்பிய பழைய கோப்பை நம்பாதீர்கள். இரண்டு நாள் மாலை போதும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது இதே தேர்வை மறுபடியும் எழுத வேண்டும், அதற்குத் தொடர்கல்விக் கணக்கில் இரண்டு கிரெடிட்டும் உண்டு.