ஹாப்கின்ஸ் – மேரிலண்ட்: பந்து யார் கைக்கு, எத்தனை முறை?

வாசகர் கேள்வி – பதில்

ஏப்ரல் கடைசியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் மேரிலண்டும் மோதும் கல்லூரி ஆண்கள் லக்ராஸ் ஆட்டத்தை ஒட்டி வந்த கேள்விகளில் சில. லக்ராஸ் என்பது நுனியில் வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து, எறிந்து கோல் அடிக்கும் ஆட்டம்.

கேள்வி: இரண்டு அணிகளுமே தரவரிசையில் இருக்கின்றன. மேலே இருக்கும் அணிதானே ஜெயிக்கும்? இதற்கு முன்னோட்டம் எதற்கு? – வாசகர், எலிகாட் சிட்டி

பயிற்சியாளர்கள் ஒரு பட்டியல் போடுகிறார்கள், பத்திரிகைக்காரர்கள் இன்னொன்று போடுகிறார்கள். இரண்டுமே வாக்கெடுப்புதான். போன வாரம் தோற்ற அணி சறுக்கும், ஜெயித்த அணி ஏறும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு இந்த இரண்டு அணிகள் ஒன்றுக்கொன்று எப்படிப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. நான்காம் இடத்து அணி பதினோராம் இடத்து அணியிடம் தோற்றால் அதை அதிர்ச்சி என்று எழுதுவார்கள். லக்ராஸில் அது பல நேரம் அதிர்ச்சியே இல்லை.

கணக்கை வேறு விதமாகப் போட்டுப் பாருங்கள். பந்து ஓர் அணியின் கைக்கு வந்து, கோலிலோ இழப்பிலோ முடிவதை ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் 13–11 என்று முடிகிறது. மொத்தம் 24 கோல். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும், நான்கு கால் பகுதிகளின் தொடக்கத்திலும் நடுக்களத்தில் ஃபேஸ்ஆஃப், அதாவது பந்து யாருக்கு என்ற மோதல், உண்டு. ஆக 28 ஃபேஸ்ஆஃப். ஓர் அணி 17 வென்று மற்றது 11 வென்றால் ஆறு வாய்ப்பு கூடுதல். பத்து வாய்ப்புக்கு மூன்று கோல் அடிப்பது நல்ல கல்லூரி அணிக்குச் சாதாரணம். ஆறு வாய்ப்பு என்றால் கிட்டத்தட்ட இரண்டு கோல். அந்த இரண்டு கோல்தான் வித்தியாசம்! யாரிடம் நட்சத்திர ஆட்டக்காரர் இருக்கிறார் என்பதைவிட, யாருக்கு எத்தனை முறை பந்து கிடைக்கும் என்று கேட்கும் முன்னோட்டத்தையே நம்புங்கள்.

கேள்வி: ஃபேஸ்ஆஃபில் இருவர் குனிந்து ஏதோ செய்கிறார்கள், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அதில் என்ன பார்ப்பது? – வாசகி, கொலம்பியா, மேரிலண்ட்

பந்து தரையில். இருபுறமும் இரண்டு மட்டைகள், வலை கட்டிய தலைகளின் முதுகுப்பக்கம் பந்தைப் பார்த்தபடி தரையில் கிடக்கும். முழங்கால் தரையில் படக் கூடாது. இரண்டு உள்ளங்கையும் கீழ்நோக்கி, மோட்டார் சைக்கிள் கைப்பிடியைப் பிடிப்பதுபோல மட்டையைப் பிடிப்பதும் 2021 பருவத்திலிருந்து தடை. விசில் ஊதியதும் வேகமான கை மட்டையின் முதுகைப் பந்தின் மேல் அழுத்தும். இதற்குக் கிளாம்ப் என்று பெயர். அப்படி அழுத்திய பந்தைத் தன் பக்கமோ, கால்களுக்கு இடையில் பின்னாலோ, நேர் முன்னாலோ தள்ள வேண்டும். முன்னால் தள்ளித் தானே எடுத்து ஓடினால் எதிரணிக்குத் தலைவலி. தடுப்பவர்கள் மூவர் மட்டும் இருக்கும் பக்கம் நால்வர் பாய்கிறார்கள்.

கிளாம்பில் தோற்றவர் அதோடு முடிந்துபோவதில்லை. எதிராளியின் இடுப்பை வழியில் விடாமல் மறித்து, பந்து வெளியே வர ஓரிரு வினாடி தாமதமாக்கினால் போதும். அதற்குள் இரு ஓரங்களிலிருந்து ஓடிவரும் விங் ஆட்டக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஓர் அணிக்கு இருவர். மற்றவர்கள், பந்து யார் வசம் என்று நடுவர் சொல்லும் வரை தங்கள் கோட்டைத் தாண்டக் கூடாது. அதுவரை அது மூவருக்கு மூவர் சண்டை. விங்கில் நீண்ட மட்டைக்காரரை நிறுத்தும் அணி, தரையில் உருளும் பந்தை எட்டி இழுத்துவிடும்.

இனி முன்னோட்டம் எழுதுபவர்கள் தவறவிடும் இடம். ஒருவர் பருவம் முழுக்க 60 விழுக்காடு வென்றிருந்தால் அது மிக நல்ல எண். ஆனால் யாரை எதிர்த்து வென்றார்? பலவீனமான அணிகளுடன் 70, பிக் டென் (இந்த இரு அணிகளும் ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பு) அணிகளுடன் 48 என்றால், இந்த ஆட்டத்துக்கு உரியது 48 மட்டும்தான். அடுத்து, அவர் தொடர்ந்து ஐந்து தோற்றால் பெஞ்சிலிருந்து வரும் இரண்டாமவர் யார் என்று பாருங்கள். ஆள் மாறினால் எதிராளி பழகிவைத்த நேரக்கணக்கு குலைகிறது. விசிலுக்கு முன் அசைந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பதற்றமான பெரிய ஆட்டத்தில் இப்படிக் கை நழுவும் பந்துகளே இரண்டு மூன்று சேர்ந்துவிடும்.

2021 இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியா 17, மேரிலண்ட் 16. அதுவரை மேரிலண்ட் அந்தப் பருவத்தில் ஒரு தோல்வியும் காணவில்லை. கடைசி வினாடிகளில் ஃபேஸ்ஆஃபை வென்று நேராக ஓடிவந்து அடித்த பந்தை வர்ஜீனியா கோல்கீப்பர் தடுத்தார். அந்த ஒரு தடுப்பில் கோப்பை வர்ஜீனியாவுக்கு உறுதியானது.

கேள்வி: ஹாப்கின்ஸ் என்றால் மருத்துவப் படிப்பு என்றுதான் எங்களுக்குத் தெரியும். லக்ராஸில் எப்படி? – வாசகர், சென்னை

அங்கே லக்ராஸ் 1883இல் தொடங்கியது. 1928, 1932 ஒலிம்பிக்கில் செயல்விளக்க ஆட்டமாக லக்ராஸ் நடந்தபோது அமெரிக்காவுக்காக ஆடியது ஹாப்கின்ஸ் அணி. மற்ற விளையாட்டுகளில் அது மூன்றாம் பிரிவில் ஆடும் பல்கலைக்கழகம். லக்ராஸில் மட்டும் முதல் பிரிவு. 2015 பருவத்திலிருந்து பிக் டென்னில் இணை உறுப்பினர். என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) பட்டம் ஒன்பது, கடைசியாக 2007இல்.

மேரிலண்டுக்கு நான்கு: 1973, 1975, 2017, 2022. முதலாவதை இரட்டைக் கூடுதல் நேரத்தில் 10–9 என்று ஹாப்கின்ஸிடமிருந்தே பறித்தது. 2022இல் ஆடிய 18 ஆட்டமும் வெற்றி. இரண்டு அணிகளும் 1895லிருந்து மோதுகின்றன. ஹாப்கின்ஸ் இருக்கும் பால்டிமோருக்கும் மேரிலண்ட் பல்கலைக்கழகம் இருக்கும் காலேஜ் பார்க்குக்கும் இடையே கார் ஓட்டினால், நெரிசல் இல்லாத நாளில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. தரவரிசை எப்படி இருந்தாலும் இந்த ஒரு நாளுக்காக இரு பக்கமும் ஆண்டு முழுக்கக் காத்திருப்பதில் வியப்பில்லை.

கேள்வி: நல்ல தற்காப்பு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கோல்கீப்பர் தடுப்பு விழுக்காடு போதாதா? – வாசகர், நியூ ஜெர்சி

போதாது. வந்த பந்தில் பாதியைத் தடுத்தால் நல்ல கோல்கீப்பர். 55 விழுக்காடு என்றால் மிக நல்லவர். ஆனால் கோல் 6 அடிக்கு 6 அடி. ஐந்து கெஜத்திலிருந்து வரும் பந்தும் பதினான்கு கெஜத்திலிருந்து வரும் பந்தும் ஒன்றா? தற்காப்பு வெளியே தள்ளிவைத்தால் சாதாரணமானவருக்கும் 55 வரும்.

தற்காப்பைப் புரிந்துகொள்ள நீண்ட மட்டையிலிருந்து தொடங்குங்கள். குட்டை மட்டை 40 முதல் 42 அங்குலம். நீண்டது 52 முதல் 72 அங்குலம். கோல்கீப்பரைச் சேர்க்காமல் ஓர் அணிக்கு நான்கு நீண்ட மட்டைக்கு மேல் களத்தில் இருக்கக் கூடாது. தடுக்க நிற்பவர்கள் ஆறு பேர். ஆகவே இருவராவது குட்டை மட்டைதான். தாக்கும் அணியின் முழுத் திட்டமும் அந்த இருவரில் ஒருவரைத் தேடிப்பிடித்து, தங்கள் சிறந்த ஆளை அவர்மேல் ஏவுவதுதான். நேராகக் கிடைக்காவிட்டால் ஒருவர் குறுக்கே நின்று மறித்து, தடுப்பவர்கள் ஆள் மாற்றிக்கொள்ளும்படி செய்வார்.

குட்டை மட்டைக்காரரைத் தாண்டிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் தன் ஆளை விட்டு உதவிக்கு வர வேண்டும். அதுதான் ஸ்லைடு. சீக்கிரம் வந்தால் அவர் விட்டுவந்த ஆள் தனியே நிற்பார், இரண்டு பாஸில் பந்து அங்கே போய்விடும். தாமதித்தால் தாண்டியவரே அடித்துவிடுவார். இதை ஆட்டக் குறிப்பிலிருந்தே கண்டுபிடிக்கலாம். எதிரணிகள் அடித்த கோல்களில் பெரும்பாலானவை அசிஸ்ட்டோடு (கோலுக்கு வழிவகுத்த பாஸோடு) வந்திருந்தால் அந்தத் தற்காப்பு சீக்கிரம் ஸ்லைடு போகிறது என்று பொருள். அசிஸ்ட் இல்லாதவை கூடுதலா? ஒருவருக்கொருவர் மோதலில் தங்கள் ஆளைத் தாண்ட விட்டுவிடுகிறார்கள். தற்காப்பு இப்படி என்று தெரிந்தபின், எதிரே வருவது பாஸில் பிழைக்கும் அணியா, தனியாளாகத் தாண்டும் அணியா என்று பாருங்கள்.

கேள்வி: கோல்கீப்பர் தடுத்த பிறகு ஏன் அவ்வளவு பரபரப்பு? பந்து அவரிடம்தானே இருக்கிறது? – வாசகி, பிலடெல்பியா

கோலைச் சுற்றியுள்ள கிரீஸ் என்ற 9 அடி ஆர வட்டத்துக்குள் அவரை யாரும் தொட முடியாது. ஆனால் அங்கே பந்தை 4 வினாடிக்கு மேல் வைத்திருக்க முடியாது. பந்து கைக்கு வந்ததும் 80 வினாடி ஷாட் கிளாக் ஓடத் தொடங்கும்; அதற்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும் (2019 பருவத்தில் வந்த விதி). அதில் முதல் 20 வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். இந்தப் பயணத்துக்குக் கிளியர் என்று பெயர், அதைக் கெடுக்கும் முயற்சி ரைடு.

கிளியர் செய்யும் பக்கம் கோல்கீப்பரோடு ஏழு பேர், எதிரே ஆறு பேர். ஒருவர் எப்போதும் தனியாக இருப்பார். அவரைக் கண்டுபிடித்துப் பந்தைச் சேர்ப்பதுதான் முழு வேலை. சில அணிகள் பத்துப் பேர் ரைடு வைக்கும். தங்கள் கோல்கீப்பரையே முன்னால் இழுத்து ஆளுக்கு ஆள் ஒட்டவைத்துவிடும். அப்போது பின்னால் கோல் காலி! நீண்ட பாஸ் ஒன்று சரியாக விழுந்தால் முடிந்தது.

ஆட்டக் குறிப்பில் கிளியர் 21க்கு 19 என்பதுபோல் எழுதியிருக்கும். பத்துக்கு ஒன்பது என்ற அளவு நன்று. 21க்கு 16 என்றால் ஐந்து முறை தங்கள் கோல் அருகிலேயே பந்தைக் கொடுத்திருக்கிறார்கள். அப்போது தற்காப்பு இன்னும் ஒழுங்காக நிற்காததால் கோல் விழும். ஃபேஸ்ஆஃபில் தோற்பதைவிட இது வலிக்கும் இழப்பு. முன்னோட்டக்காரர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

கேள்வி: கோலுக்கு வெளியே போன பந்தை நோக்கி ஏன் ஓடுகிறார்கள்? – பள்ளி மாணவர், வர்ஜீனியா

கோலை நோக்கி அடித்த பந்து வெளியே போனால், அது கோட்டைத் தாண்டும் நொடியில் அதற்கு அருகில் இருப்பவரின் அணிக்கே பந்து. அதனால்தான் அடிப்பதற்கு முன்பே ஒருவர் கோலுக்குப் பின்னால் காவல் நிற்பார். ஆனால் கவனி: பந்து கோல்கீப்பர் மேலோ கம்பத்திலோ பட்டு அடித்த அணிக்கே திரும்பிக் கிடைத்தால்தான் ஷாட் கிளாக் 60 வினாடிக்கு மாறும். வெறுமனே வெளியே போனால் பழைய நேரமே தொடரும்.

கேள்வி: தொலைக்காட்சியில் ஒரு லீக்கில் தூரத்திலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி கொடுத்தார்களே? – வாசகர், டொரண்டோ

அது பிஎல்எல் என்ற தொழில்முறை லீக். கல்லூரியில் எங்கிருந்து அடித்தாலும் ஒன்றுதான். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வரப்போவதும் வேறு வடிவம்: ஆறு பேர், 30 வினாடி ஷாட் கிளாக்.

கேள்வி: அன்று மழை என்கிறார்கள். ஆட்டம் மாறுமா? என் மகனும் ஆடுகிறான், அவன் மட்டையை என்ன செய்வது? – வாசகி, பால்டிமோர்

மாறும். நனைந்த வலை தொய்யும், பந்து தங்கும் பை ஆழமாகும், பந்து பையில் ஒரு நொடி கூடுதலாகத் தங்கும். விளைவு, பாஸ் நெஞ்சுக்குப் போக வேண்டியது முழங்காலுக்குப் போகும். கிளியர் கெடும், தரைப்பந்து கூடும். தரைப்பந்தில் வலுவான அணிக்கு மழை உதவி.

உங்கள் மகன் மெழுகு பூசிய வலை வைத்திருந்தால் பெரிய கவலை இல்லை. மென்மையான வலை நீரைக் குடிக்கும். முந்தின இரவே வலையின் அடிக்கயிற்றைச் சற்று இழுத்துக் கட்டி, பையைக் கொஞ்சம் மேலாக்குங்கள். பிறகு பந்தை உள்ளே வைத்து மட்டையைக் கண் மட்டத்தில் பக்கவாட்டாகப் பாருங்கள். பந்தின் மேல் விளிம்பு பக்கச் சட்டத்தின் கீழ் ஓரத்துக்கும் கீழே போனால் அது விதிமீறல், நடுவர் சோதித்தால் தண்டனை. எறிகயிறுகள் (வலையின் மேல்பகுதியில் குறுக்கே ஓடுபவை) மட்டைத் தலையின் உச்சியிலிருந்து 4 அங்குலத்துக்குள் இருக்கட்டும். இன்னொரு மட்டையை உலர்வாக பிளாஸ்டிக் பையில் கட்டிப் பெஞ்சில் வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் செய்தித்தாளைப் பந்துபோல் சுருட்டி வலைப் பையில் திணித்து, நிழலில் காயவிடுங்கள். வெயிலில் கிடக்கும் காருக்குள் வேண்டாம், மட்டையின் தலை வளைந்துவிடும்.

கேள்வி: குடும்பத்தோடு போகிறோம். எங்கே உட்காருவது, எதைக் கவனிப்பது? – வாசகர், கெய்தர்ஸ்பர்க்

நடுக்கோட்டுக்கு நேராக, முடிந்தவரை மேல் வரிசையில். நீண்ட மட்டை எப்போது உள்ளே வருகிறது, தாக்குபவர்கள் எப்போது வெளியே ஓடுகிறார்கள் என்ற ஆள் மாற்றம் அங்கிருந்துதான் தெரியும். குழந்தைகளுக்குக் கோல் பார்க்கத்தான் ஆசை என்றால் ஒரு பாதி மட்டும் கோல் முனைக்கு நகருங்கள். வலை கட்டிய இடத்துக்குப் பின்னால் மட்டும் உட்காருங்கள், அது கெட்டியான ரப்பர் பந்து.

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துப் போங்கள். ஒவ்வோர் அணிக்கும் நான்கு கட்டம்: வென்ற ஃபேஸ்ஆஃப், கெட்ட கிளியர், அடிக்காமலே இழந்த பந்து, ஆள் குறைந்து ஆடிய தடவை. தள்ளுதல், பிடித்தல் போன்ற சிறு தவறுக்கு 30 வினாடி வெளியே. மட்டையால் அடிப்பது போன்றவற்றுக்கு ஒன்று முதல் மூன்று நிமிடம். அந்த நேரத்தில் ஆறு பேர் தாக்க, ஐந்து பேர் தடுக்கிறார்கள். இடைவேளையில் இரு அணிகளின் நான்கு கட்டங்களையும் ஒப்பிடுங்கள். கோல் பலகை 6–6 என்று காட்டும்போதே தாளில் ஓர் அணி ஐந்து வாய்ப்பு முன்னால் இருந்தால், எதிரணி கோல்கீப்பர் அசாத்தியமாக ஆடுகிறார் என்று பொருள். இரண்டாம் பாதியில் அவர்மேல் கண் வையுங்கள்.