போர்ஷே 911 டக்காரைப் பாலைவனத்தில் ஓட்டலாமா?

துபாயில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒருவர் ஓட்டிய போர்ஷே 911 டக்கார் விற்பனைக்கு வந்திருக்கிறது. விடுமுறை நாட்களில் நண்பர்களின் லேண்ட் குரூசர்களோடு பாலைவனத்துக்குப் போவேன். இந்தக் காரை அவர்களோடு மணல்மேட்டில் ஏற்ற முடியுமா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?"

மணலில் தாராளமாக ஓட்டலாம். லேண்ட் குரூசர் ஏறும் மேட்டில் எல்லாம் ஏற்ற முடியாது. இதை ஒப்புக்கொண்டு வாங்குகிறவருக்கு இதைப் போல மகிழ்ச்சி தரும் கார் வேறில்லை என்பேன்.

டக்கார் என்ற பெயர் வெறும் அலங்காரத்துக்கு ஒட்டியது அல்ல. பாரிஸிலிருந்து சகாரா பாலைவனம் வழியாக டக்கார் நகரம் வரை ஓடிய 1984 பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் பிரெஞ்சு ஓட்டுநர் ரெனே மெட்ஜ் நான்கு சக்கர இயக்கம் கொண்ட 911-ஐ ஓட்டி முதலிடம் பிடித்தார். அந்த வெற்றியின் நினைவாகத்தான் 2022 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் இந்தக் கார் அறிமுகமானது. மொத்தம் 2,500 கார்கள் மட்டுமே என்று நிறுவனம் அறிவித்தது. சோதனை ஓட்டத்தில் 10,000 கிலோமீட்டருக்கு மேல் சாலையில்லாத தரையில் ஓட்டினார்கள். மொராக்கோவோடு உங்கள் துபாய் மணலும் அதில் அடக்கம்.

480 குதிரைத்திறன் இருக்கிறது. மணலுக்கு அது தேவைக்கு அதிகம். சிக்கல் தரைக்கும் காரின் அடிவயிற்றுக்கும் இடையே உள்ள உயரத்தில்தான் வருகிறது. சாதாரண நிலையில் அது 161 மி.மீ. பொத்தானை அழுத்தினால் முன்னும் பின்னும் 30 மி.மீ. உயர்ந்து 191 மி.மீ. ஆகும். மணிக்கு 170 கி.மீ. வேகம் வரை அந்த உயரத்திலேயே ஓடும். ஸ்போர்ட்ஸ் காருக்கு இது பெரிய சாதனை. ஆனால் முன் பம்பர் தரையில் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு சுமார் 16 டிகிரிதான். மணல்மேட்டில் காற்று படாத பக்கத்தின் சரிவோ 30 டிகிரியைத் தாண்டும். உலர்ந்த மணல் அதற்குமேல் நிற்காமல் சரிந்துவிடும். அந்தச் சரிவில் இறங்கி அடிவாரத்தின் சமதரையைத் தொடும் இடத்தைக் கற்பனை செய்து பாருங்கள். லேண்ட் குரூசர் மூக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடும். 911-இன் மூக்கு மணலுக்குள் புகுந்துவிடும். மேட்டின் உச்சியிலும் இதே கதைதான்: முனை கூராக இருந்தால் அடிவயிறு மாட்டிக்கொண்டு நான்கு சக்கரங்களும் அந்தரத்தில் சுழலும்.

ஆகவே அபுதாபியின் லீவா பாலைவனத்திலுள்ள பெரிய மேடுகளை நண்பர்களுக்கு விட்டுவிடுங்கள். அலையலையாகத் தாழ்வாகக் கிடக்கும் மணல்வெளி, சரளைத் தடம், ஈரம் காயாத அதிகாலை மணல் ஆகியவையே இந்தக் காரின் களம். சப்கா எனப்படும் உப்புத்தரைப் பக்கம் போகவே வேண்டாம். மேலே ஓடு போல் இறுகித் தெரியும். உடைந்தால் கீழே சேறு.

அடுத்தது டயர். மணலில் இறங்குமுன் காற்றைக் குறைப்பது சரியான பழக்கம்தான். எவ்வளவு குறைப்பது என்பதில்தான் நண்பர்களின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. லேண்ட் குரூசரில் வரும் 265/65 அளவு டயரின் (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம்) பக்கச்சுவர் 172 மி.மீ. உயரம். டக்காரின் பின் டயர் 295/40. அதாவது பக்கச்சுவர் 118 மி.மீ. முன் டயர் 110 மி.மீ. தான். அவர்கள் 15 பிஎஸ்ஐக்கு இறக்குகிறார்கள் என்று நீங்களும் இறக்கினால், கூரான திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடலாம். கையேட்டில் உள்ள அளவுக்குக் கீழே போகாதீர்கள். ஸ்டெப்னி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

காரில் இரண்டு சிறப்பு ஓட்டமுறைகள் உள்ளன. 'ஆஃப்ரோடு' முறை ஆழமான மணலுக்கு. காரைத் தானே உயர்த்திக்கொள்ளும். 'ராலி' முறை பின்சக்கரங்களுக்கு அதிக விசை தரும். சரளையில் அதன் சுகமே தனி. எஞ்சின் பின்னால் இருப்பதால் மேடேறும்போது பின்சக்கரங்கள் நன்றாகப் பிடிக்கும். அதே எடைதான் மாட்டிக்கொண்டால் பகையாகும்: சக்கரம் வெறுமனே சுழன்றால் பின்பக்கம் விறுவிறுவெனப் புதையும். சுழல்கிறது என்று தெரிந்த நொடியிலேயே காலை எடுத்துவிடுங்கள். அடிவயிற்றின் கீழுள்ள மணலை மண்வெட்டியால் வாரிவிட்டு, வந்த தடத்திலேயே மெல்லப் பின்னால் எடுங்கள். நகராவிட்டால் இழுவை வளையத்தில் கயிற்றைக் கட்டி நேராக இழுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இழுக்கவே கூடாது. நிறுத்துவதானால் எப்போதும் இறக்கத்தை நோக்கி நிறுத்துங்கள். தனியாகப் போகாதீர்கள்.

வாங்கும்போது முதல் வேலை, காரை லிஃப்டில் ஏற்றி அடியைப் பார்ப்பது. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் துருப்பிடிக்காத எஃகுக் காப்புகள் இருக்கும். அவற்றில் கீறல் இருந்தால் கவலையில்லை. அதற்காகத்தான் அவை இருக்கின்றன. நசுங்கியிருந்தாலோ, அவற்றைத் தாண்டிப் பிளாஸ்டிக் மூடிகள் உடைந்திருந்தாலோ கார் பலமாக இடிபட்டிருக்கிறது. உயர்த்தும் அமைப்பைப் பலமுறை ஏற்றி இறக்கி, நான்கு மூலைகளும் ஒரே அளவு உயர்கின்றனவா என்று டேப்பால் அளந்து பாருங்கள். ரிம்மின் உள்விளிம்பையும் தடவிப் பாருங்கள். வெளியே தெரியாத வளைவு அங்கேதான் இருக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் எவ்வளவு தூசியில் ஓடியது என்பது தெரிந்துவிடும்.

காப்பீட்டு நிறுவனத்திடம், சாலைக்கு வெளியே நேரும் சேதத்துக்கு இந்தக் காருக்கு இழப்பீடு உண்டா என்று எழுத்துமூலம் கேளுங்கள். எஸ்யூவிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் பதில் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.