ஈரக்குளிருக்கு எந்த முழுக்கை ஜெர்சி?

கேள்வி: கோவையிலிருந்து வேலை மாற்றலாகிக் குன்னூர் வந்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு ரோடு சைக்கிளில் கிளம்பி, கேத்தி வரையோ கோத்தகிரி சாலையிலோ போய்விட்டு அலுவலகத்துக்கு முன் திரும்பிவிடுவேன். ஏற்றத்தில் வியர்த்துக் கொட்டுகிறது, இறக்கத்தில் பல் தந்தியடிக்கிறது. மூடுபனியும் சாரலும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். மூன்று முழுக்கை ஜெர்சிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன்: சாதாரண மெல்லிய துணியில் ஒன்று, உள்ளே ஃபிளீஸ் வைத்த 'விண்டர்' ஜெர்சி ஒன்று, 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்ட விலை கூடியது ஒன்று. எதை வாங்கட்டும்?

பதில்: மூன்றையும் விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஏற்றது இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. நடுத்தரக் கனமுள்ள பாலியஸ்டர் துணி, உள்ளே ஃபிளீஸ் கிடையாது, முன்னால் முழு நீள ஜிப். வாட்டர்ப்ரூஃப் ஜெர்சிக்கு ஒதுக்கிய பணத்தில் இதை வாங்கியது போக மிஞ்சுவதற்கு, முதுகுப் பாக்கெட்டில் சுருட்டி வைக்கிற மாதிரி ஒரு மெல்லிய விண்ட்சீட்டர் வாங்குங்கள். குன்னூர் மாதிரி ஊரில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே உடுப்பு சரிப்படாது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது பிடிபட்டுவிட்டால் எந்தக் கடையிலும் நீங்களே பார்த்து எடுத்துவிடலாம்.

மழையில் நனைந்துவிடுவோமே என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் உங்களை நடுங்க வைப்பது பெரும்பாலும் உங்கள் வியர்வைதான். சைக்கிள் மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. மீதியெல்லாம் வெப்பம். பெடலில் 150 வாட் தருகிறீர்கள் என்றால் உடம்புக்குள் 450 வாட்டுக்குக் குறையாமல் சூடு கிளம்புகிறது. அருவங்காடு தாண்டிய ஏற்றத்தில் வெளியே 12 டிகிரி இருந்தும் வியர்ப்பது இதனால்தான். திரும்பி இறங்கும்போது மிதிக்கிற வேலையே இல்லை. சூடு கிளம்புவது சட்டென்று நின்றுவிடுகிறது. ஊறிய துணி மட்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். இதில் எதிர்க்காற்று வேறு: 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், காய்ந்த தோலுக்கே அது 6 டிகிரி போலத் தெரியும். ஈரத் தோலுக்கு எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

மூடுபனியில் காற்று முழுக்க ஈரமாக இருப்பதால் வியர்வை ஆவியாகவே ஆகாது என்று சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. தோலின் சூடு 33 டிகிரி அளவில் இருக்கிறது. 12 டிகிரிக் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் தோலிலிருந்து ஆவி கிளம்பத்தான் செய்யும். சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில். கிளம்பிய ஆவி துணியின் குளிர்ந்த வெளிப்பக்கத்துக்கு வந்ததும், இட்லிப் பானை மூடியின் உட்புறத்தில் கோத்துக்கொள்வதைப் போல, மறுபடி நீராகிவிடுகிறது. துணி எவ்வளவுக்குத் தடிப்போ, காற்றுப் புகாமல் எவ்வளவுக்கு அடைத்துக்கொண்டிருக்கிறதோ, அவ்வளவுக்கு நீர் உள்ளேயே தங்கும். மழையே பெய்யாத நாளில் ஜாக்கெட் உள்ளே நனைந்திருந்தால் அது ஒழுகுகிறது என்று அர்த்தமில்லை, உங்கள் வியர்வைக்கு வெளியே போக வழியில்லை என்று அர்த்தம்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருவோம். நம் ஊரில் முழுக்கை சைக்கிளிங் ஜெர்சி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை குளிருக்காகத் தைத்தவை அல்ல. வெயிலில் கை கறுக்காமல் இருக்கத்தான் அந்த முழுக்கை. விவரத்தில் 'யு.பி.எஃப். 50' (வெயிலின் புற ஊதாக் கதிரைத் துணி எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) என்று பெரிதாகப் போட்டிருந்தால் அந்த வகைதான். கோவையிலிருந்து மருதமலைக்குப் போகிறவருக்கு அருமையான துணி. குன்னூர்க் காலையில் காற்று நேராக நெஞ்சுக்குள் போகும்.

ஃபிளீஸ் வைத்தது நேரெதிர். விவரத்தில் 'ரூபே' துணி என்றும் எழுதியிருப்பார்கள். உட்பக்க இழைகளைச் சீவி மெத்தென்று ஆக்கியிருப்பார்கள். ஐரோப்பாவில் 0 முதல் 10 டிகிரி வரையான குளிரில், பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத சாலையில், ஒரே சீராக ஓட்டுகிறவருக்கு அது பொருந்தும். நீங்கள் ஓட்டுவது மலைச்சாலை. ஏறும்போது அந்த மெத்தை வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், இறங்கும்போது அந்த ஈரம் முழுக்க உங்களைக் குளிர்விக்கும். ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் அதிகாலையில் அது தேவைப்படலாம். அதற்கும் தனி ஜெர்சி வேண்டியதில்லை, உள்ளே ஒரு சூடான உள்ளாடை போட்டுச் சமாளித்துவிடலாம்.

வாட்டர்ப்ரூஃப் விஷயத்தில்தான் பணம் வீணாவது அதிகம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 2013 மார்ச்சில் இத்தாலியின் மிலான் - சான் ரெமோ பந்தயம் பனிப்பொழிவில் மாட்டிக்கொண்டது. பாதியில் நிறுத்தி, வீரர்களைப் பேருந்தில் ஏற்றிக் கணவாயைத் தாண்டவைத்து, அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள். அன்று காஸ்டெல்லி நிறுவனத்தின் 'காபா' என்ற ஜெர்சிக்குப் பெரிய பெயர் கிடைத்தது. வேறு நிறுவனங்களின் உடையை அணிய ஒப்பந்தமான வீரர்கள்கூடச் சின்னத்தைக் கறுப்பு மையால் மறைத்துவிட்டு அதைப் போட்டிருந்தார்கள். அந்த ஜெர்சி அரைக்கை, அதோடு முழு வாட்டர்ப்ரூஃபும் இல்லை. காற்றைத் தடுக்கும், தண்ணீரை ஓரளவு உதறும், வியர்வையை வெளியே விடும், உடம்போடு இழுபடும். அந்தக் குளிரிலேயே கடுமையாக மிதிக்கிற ஆளுக்கு முழு அடைப்பைவிட இந்தச் சமரசம்தான் உதவியது.

முழு வாட்டர்ப்ரூஃப் துணியில் நுண்துளைச் சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். ஆவியை வெளியே விட்டுத் தண்ணீரைத் தடுப்பது அதன் வேலை. ஆனால் வெளித்துணி ஊறிவிட்டால் ஆவி வெளியேறும் வேகம் குறைந்துவிடும். விலை குறைந்தவற்றில் சவ்வே இருக்காது, உள்ளே ஒரு பூச்சு மட்டும் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஏற்றம் ஏறினால் வெளியே பெய்யும் மழையைவிட உள்ளே அதிகம் நனைவீர்கள். கடையில் தையலைத் திருப்பிப் பாருங்கள். தையல்மேல் டேப் ஒட்டாத எதுவும் முழு வாட்டர்ப்ரூஃப் இல்லை, சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

சரி, வாங்க வேண்டியதை எப்படிக் கண்டுபிடிப்பது? துணியின் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது, விவரத்தில் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். திருப்பூர்ப் பக்கம் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. வெயில் ஜெர்சிகள் பெரும்பாலும் 150-க்குக் கீழே இருக்கும், ஃபிளீஸ் 220-க்கு மேலே போகும். உங்களுக்கு 160 முதல் 200 வரை போதும். எண் போடவில்லை என்றால் துணியை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். விளக்கின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் மெலிசு. துணியில் வாயை வைத்து ஊதுங்கள். காற்று கொஞ்சம் முட்டி நின்று பிறகு போக வேண்டும். தடையில்லாமல் போனாலும் வேண்டாம், போகவே இல்லை என்றாலும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் உட்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று பரந்து விரிந்தால் நல்ல துணி, முத்தாக நின்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஜிப் அரை நீளத்தில் இருந்தால் வாங்காதீர்கள். மலையில் சூட்டைக் கட்டுப்படுத்த உங்களிடம் இருக்கும் ஒரே கருவி அந்த ஜிப்தான். ஓட்டிக்கொண்டே ஒரு கையால் இறக்கவும் ஏற்றவும் வர வேண்டும், இழுக்கும் நாக்கு விரல் நனைந்தாலும் பிடிபட வேண்டும். ஜிப்புக்குப் பின்னால் ஒரு துணிப்பட்டை ஓடினால் இறக்கத்தில் காற்று நெஞ்சுக்குள் புகாது. காலர் கழுத்தை ஒட்டி நிற்கட்டும்.

அளவைக் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று பார்க்காதீர்கள். குனிந்து ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி கையை நீட்டுங்கள். அப்போதும் ஜெர்சிக் கையின் நுனி மணிக்கட்டை மூட வேண்டும், பின்பக்கம் இடுப்பு தெரியக் கூடாது. நின்றால் முன்பக்கம் கொஞ்சம் குட்டையாக, பிடிப்பாக இருக்கிற மாதிரி தோன்றும். அது சரியான அளவுதான். தொளதொளவென்று இருந்தால் துணி தோலைத் தொடாது, வியர்வையை உறிஞ்சாது. ஐரோப்பிய நிறுவனங்களின் பந்தய வெட்டு என்றால் நம் உடம்புக்குப் பெரும்பாலும் ஒரு அளவு கூட்டியே எடுக்க வேண்டியிருக்கும், நெஞ்சளவு அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். முதுகில் மூன்று பாக்கெட்டும் போன், சாவி, விண்ட்சீட்டரோடு நிரம்பினாலும் கீழே இழுத்துத் தொங்காமல் இருக்க இடுப்பில் பிடிப்பான எலாஸ்டிக் வேண்டும். போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். மழை இல்லாவிட்டாலும் முதுகு வியர்வை அதை நனைத்துவிடும்.

மெரினோ கம்பளி வாங்கலாமா என்ற யோசனை வந்திருந்தால், என் மனசுக்குப் பிடித்த துணி அதுதான். தன் எடையில் 30 சதவீதம்வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தோலுக்கு ஈரம் தெரியவிடாது, ஈரத்தை உள்வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் தரும், நாற்றம் பிடிக்காது. ஆனாலும் உங்களுக்குச் சொல்லத் தயங்குகிறேன். விலை அதிகம், அந்துப்பூச்சி வரும், எல்லாவற்றையும்விட, அது காய நேரமாகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும்போது கொடியில் போட்ட துணி நாள்கணக்கில் காயாது. பாலியஸ்டர் நார் ஈரத்தைத் தனக்குள் வாங்குவதே இல்லை என்று சொல்லலாம், நீர் இழைகளுக்கு நடுவில்தான் நிற்கும். உதறிக் காற்றோட்டமாக உள்ளே தொங்கவிட்டால் மறுநாள் போடலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று: ஜெர்சிக்கு உள்ளே பருத்திப் பனியன் போடுகிறீர்களா? நம்மில் பெரும்பாலோருக்கு அது ஊறிப்போன பழக்கம். அதை இன்றே நிறுத்துங்கள். பருத்தி ஈரத்தைக் குடித்துக்கொண்டு விடவே விடாது, மேலே எவ்வளவு நல்ல ஜெர்சி போட்டாலும் பயனில்லாமல் போகும். விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும் பாலியஸ்டர் வலைப் பனியன் போடுங்கள். நனைந்த ஜெர்சியைத் தோலில் ஒட்டவிடாமல் அது நடுவில் நிற்கும். செலவு குறைவு, வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். சுகமாக இருந்தால் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே, வியர்ப்பதற்கு முன்பே, ஜிப்பைப் பாதிக்கு இறக்குங்கள். மேலே போய் நின்றதும் டீ, போட்டோ எல்லாம் அப்புறம். உடம்பு சூடாக இருக்கும்போதே ஜிப்பை ஏற்றி விண்ட்சீட்டரைப் போட்டுவிடுங்கள். மறந்து போயிருந்தால் டீக்கடையில் ஒரு பழைய தினத்தாளைக் கேட்டு வாங்கி நெஞ்சுப் பக்கம் ஜெர்சிக்குள் செருகிக்கொள்ளுங்கள். டூர் தெ பிரான்ஸ் வீரர்கள் மலையுச்சியில் செய்துவந்த பழைய வழி அது, இன்றும் வேலை செய்கிறது.

விடுமுறை நாளில் மேட்டுப்பாளையம் இறங்கித் திரும்ப ஏறுவதாக இருந்தால் மட்டும் இந்த ஜெர்சி வேண்டாம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டரை ஒட்டி. 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 6 டிகிரி என்று வைத்தாலும் கீழே 9, 10 டிகிரி கூடுதல். அரைக்கை ஜெர்சியும் கழற்றி மடித்து வைக்கக்கூடிய ஆர்ம் வார்மரும் (தனியாக மாட்டுகிற கை உறை)தான் அந்தப் பயணத்துக்குச் சரி.

நிறத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். கறுப்பு, சாம்பல், கரும்பச்சை வேண்டாம், மூடுபனியில் நீங்கள் சாலையிலேயே இல்லாத மாதிரி ஆகிவிடும். தேயிலைத் தோட்டப் பச்சைக்கு முன்னால் எலுமிச்சை மஞ்சளைவிடப் பளிச்சென்ற ஆரஞ்சோ இளஞ்சிவப்போ தனித்துத் தெரியும். ஆனால் ஒளிரும் சாயங்களுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். விடியுமுன் அவை வெறும் துணிதான். அந்த நேரத்தில் முகப்பு விளக்கைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டிவ் பட்டைதான் காப்பாற்றும். முதுகில் உள்ளதோடு கணுக்காலிலும் ஒரு பட்டை கட்டுங்கள். மேலும் கீழும் அசைகிற பட்டையைப் பார்த்ததும் போவது ஆள் என்று டிரைவருக்குச் சட்டென்று புரியும். ஜெர்சியோ விண்ட்சீட்டரோ பின்விளக்கை மறைக்கிறதா என்று ஒருமுறை யாரையாவது பின்னால் நிற்கவைத்துப் பார்த்துவிடுங்கள்.

துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள். வியர்வையை உறிஞ்சும் தன்மையை அது மூடிவிடும், விண்ட்சீட்டரில் தண்ணீரை உதறும் பூச்சையும் கெடுத்துவிடும். பூச்சு மங்கித் தண்ணீர் முத்தாக நிற்காமல் ஊற ஆரம்பித்தால், நன்றாகத் துவைத்துக் காயவைத்து, சீட்டில் இஸ்திரிக்கு அனுமதி இருந்தால் குறைந்த சூட்டில் மேலே ஒரு துணி போட்டுத் தேயுங்கள். பல நேரம் அதிலேயே திரும்ப வந்துவிடும். ஓட்டிவிட்டு வந்த ஜெர்சியைக் கூடையில் சுருட்டிப் போடாமல் அன்றே அலசிவிடுங்கள். குன்னூர் ஈரத்தில் ஒரு நாள் விட்டால்கூடப் பூசண வாடை ஏறிவிடும், பாலியஸ்டரில் ஏறிய வாடை லேசில் போகாது.