முதல் மலையே சிவனொளிபாதமா? எட்டுக் கிழமையில் காலைத் தயார்படுத்தலாம்

கேள்வி: எனக்கு 34 வயது. கிளிநொச்சியில் மேசை வேலை. பெப்ரவரியில் எங்கள் அலுவலகத்தில் ஒன்பது பேர் சிவனொளிபாத மலைக்குப் போகிறோம். வெள்ளி பின்னேரம் பஸ் ஏறி, சனி விடிய இரத்தினபுரிப் பக்கத்தால் ஏறத் தொடங்கி, அன்றைக்கே நல்லதண்ணிப் பக்கத்தால் இறங்குவது என்று பெடியள் திட்டம் போட்டிருக்கிறார்கள். நான் மலை ஏறியதே இல்லை. கதிர்காமப் பாதயாத்திரையில் முல்லைத்தீவில் இருந்து திருகோணமலை வரை நடந்திருக்கிறேன். குந்தி எழும்பும்போது வலது முழங்கால் கொஞ்சம் நோகும். எட்டுக் கிழமை இருக்கிறது. என்னால் ஏலுமா? என்ன கொண்டுபோக வேண்டும்? அம்மாவும் வரப்போகிறேன் என்று நிற்கிறா. அவவுக்கு 61 வயது, பிறசருக்குக் குளிசை எடுக்கிறா.
- வாசகி, பரந்தன்

பதில்: உங்களால் ஏலும். ஆனால் பெடியள் போட்ட திட்டத்தில் பாதையும் பிழை, நேரமும் பிழை. இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

முதலில் பாதை. சிவனொளிபாதத்தின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியில் இருந்து தொடங்கினால் ஏறக்குறைய 1,000 மீற்றர் ஏற வேண்டும். படிகள் 5,500 அளவில் என்பது வழமையான கணக்கு. இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலவில் இருந்து தொடங்குகிறவருக்கு அடிவாரமே மிகவும் தாழ்வு. ஏறும் உயரம் 1,700 மீற்றரைத் தாண்டும், நடக்கும் தூரமும் ஏறக்குறைய இரட்டிப்பு. பழகினவர்களே அந்தப் பக்கத்தால் ஏறி, எரமிட்டிப்பான அம்பலத்தில் (வழித் தங்குமடம்) மூச்சுவிட்டுத்தான் மேலே போவார்கள். அதை முடித்த காலோடு நல்லதண்ணிப் படிகளில் இறங்குவது என்பது முதல் தடவை போகிறவருக்கு வேண்டாத வேலை. ஏறுவதும் இறங்குவதும் நல்லதண்ணிப் பக்கத்தாலேயே இருக்கட்டும். அதுவே உங்களுக்கு ஒரு முழுநாள் வேலை: ஏற நாலு, ஐந்து மணித்தியாலம், மேலே ஒரு மணித்தியாலம், இறங்க மூன்று, மூன்றரை.

அடுத்தது நேரம். கிளிநொச்சியில் இருந்து ஏ-9 வீதியால் கண்டிக்கே 250 கிலோமீற்றர் அளவில் வரும். அதற்குப் பிறகு ஹற்றன், மஸ்கெலியா, நல்லதண்ணி என்று வளைவு வளைவாக ஏற்றம். இரா முழுக்க பஸ்ஸில் கழுத்து முறிந்து தூங்கிவிட்டு, சத்தியும் எடுத்துக்கொண்டு, இறங்கிய கையோடு படியில் கால் வைக்கிறவர்கள்தான் பாதியில் இருந்துவிடுகிறார்கள். நித்திரை இல்லாத உடம்புக்கு அதே படி கூடுதல் பாரமாகத் தெரியும், இறங்கும்போது கால் தடுமாறும். ஒரு நாள் முன்னதாக வெளிக்கிட்டு, மலையடிவாரத்தில் ஒரு இரவு படுத்து எழும்புங்கள். ஒன்பது பேரும் ஒரு நாள் லீவு கேட்பது கஷ்டம்தான். வேறு வழி இல்லை.

நாளையும் பார்த்து எடுங்கள். பருவகாலம் மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக் போயாவோடு முடியும். பெப்ரவரி நல்ல தெரிவு, மழை குறைவு. ஆனால் சனி, ஞாயிறு, போயா நாட்களில் மேல்படிகளில் ஆள் மேல் ஆள் நிற்கும். ஒரு படி ஏறி ஐந்து நிமிடம் நிற்கிற வரிசையில் வியர்வை குளிர்ந்து, கால் விறைத்துப்போகும். செவ்வாய், புதன் என்றால் படிகள் உங்களுடையவை. சூரிய உதயம் பார்க்க இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு ஏறுவது வழக்கம். முதல் தடவை அதை விட்டுவிடுங்கள். விடியப்புறம் ஐந்து, ஐந்தரைக்குத் தொடங்கினால் ஏற்றமும் இறக்கமும் வெளிச்சத்தில் முடியும். எங்கே நின்றாலும் 11.30க்குத் திரும்புவது என்று எல்லோரும் முதல்நாளே பேசி வையுங்கள். மலையில் நின்று முடிவெடுத்தால் ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்றுதான் வாய் சொல்லும்.

இனி உங்கள் பாதயாத்திரை. அந்த நடை உங்கள் பாதத்தையும் மனதையும் பழக்கியிருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வன்னியின் மட்டமான தரையில் எத்தனை நாள் நடந்தாலும் தொடைத் தசைக்கு இறக்கம் தெரியாது. மூச்சு வாங்குவதால் ஏற்றம்தான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மூச்சு ஐந்து நிமிடம் நின்றால் திரும்பிவிடும். கால் அப்படித் திரும்பாது. படி இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த வேலைதான் தசை நார்களைக் கிழிக்கிறது. முழங்கால் மூட்டில் ஒவ்வொரு படிக்கும் உடல் எடையின் மூன்று மடங்குக்கு மேல் இறங்கும். ஆயிரமாவது படியில் தொடை நடுங்கத் தொடங்கும், தசை பிடிக்காதபோது பாரம் முழுக்க மூட்டுக்குப் போகும். விழுவதும் பிரளுவதும் இந்த நேரத்தில்தான். உங்கள் எட்டுக் கிழமையும் இறக்கத்துக்கான பயிற்சியாக இருக்கட்டும்.

இதற்கு மலை தேவையில்லை. வீட்டு விறாந்தைப் படியை அளந்து பாருங்கள், 18 முதல் 20 சென்ரிமீற்றர் இருந்தால் போதும். மலைப்படியின் சராசரியும் அவ்வளவுதான். படியில் பக்கவாட்டாக ஒரு காலில் நின்று, மற்றக் காலின் குதிக்கால் நிலத்தைத் தொடும் வரை மெதுவாக இறங்குங்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடியும்போதுதான் குதி தொட வேண்டும். நிலத்தில் பாரத்தைப் போடாமல் திரும்ப எழும்புங்கள். முழங்கால் இரண்டாவது கால்விரலுக்கு நேராக நிற்க வேண்டும், உட்பக்கம் சாயக்கூடாது. சாய்ந்தால் கண்ணாடிக்கு முன்னால் நின்று செய்யுங்கள். ஒரு காலுக்கு எட்டுத் தடவை, மூன்று சுற்று, ஒன்றுவிட்டு ஒருநாள். அதோடு அதே படியில் ஏறி இறங்குவதை முதல் இரண்டு கிழமை 100 தடவையாகத் தொடங்கி, ஐந்தாம் கிழமையில் 500, ஏழாம் கிழமையில் 1,000 என்று கூட்டுங்கள். மூன்றாம் கிழமையில் இருந்து முதுகுப்பையில் 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு. 1,000 தடவை ஏறினாலும் 200 மீற்றர்தான், மலையின் ஐந்தில் ஒரு பங்கு. அது போதும், பழகிய தசை மிச்சத்தைத் தாங்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீண்ட நடை: முதலில் முக்கால் மணித்தியாலம், போகப்போக மூன்று மணித்தியாலம். குளக்கட்டு நல்ல இடம். நேரே நடக்காமல் வெளிச்சரிவில் இறங்கி ஏறி நடந்தால் இரட்டிப்புப் பலன். அலைகல் அடுக்கிய தண்ணீர்ப் பக்கச் சரிவு வேண்டாம், கல் புரளும். மார்கழி, தை மாரியில் கட்டு சேறாகிவிடும், அந்த நாட்களில் படியே கதி. உங்கள் பக்கத்துக் கட்டில் விடியப்புறம் யானை நிற்கும் என்றால் வெயில் ஏறிய பிறகு, துணையோடு போங்கள். எட்டாம் கிழமை பயிற்சியைக் கைவிட்டு லேசாக நடந்தால் போதும். கடைசி நாலைந்து நாளில் ‘விட்டதைப் பிடிக்க’ ஓடுகிறவர் நொந்த தொடையோடு மலைக்குப் போவார்.

குந்தி எழும்பும்போது முழங்கால் சில்லுக்கு முன்பக்கம் மந்தமாக நோவது பெரும்பாலும் தொடைத் தசை பலவீனத்தோடு சேர்ந்தது. மேலே சொன்ன பயிற்சியே அதற்கும் மருந்து. முதல் இரண்டு கிழமை படியின் உயரத்தைப் பாதியாக்குங்கள். பயிற்சியின்போது லேசான நோ பரவாயில்லை, அடுத்தநாள் காலையிலும் கூடி நின்றால் அளவைக் குறையுங்கள். மூட்டு வீங்கினால், மடக்கியது நிமிராமல் இறுகினால், நடக்கும்போது திடீரென்று மடங்கினால் பயிற்சியை நிறுத்தி, மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டுங்கள். இயன்மருத்துவரிடம் அனுப்புவார்கள். நோவைத் தடுக்க முன்கூட்டியே டைக்குளோபெனாக், இபுபுறூபன் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். தண்ணீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும், அதோடு நிற்கச் சொல்லும் நோவையும் மறைத்துவிடும்.

ஏறும்போது ஒரே விதி: பக்கத்தில் வருபவரோடு முழு வசனம் கதைக்க முடிய வேண்டும். வசனம் அறுந்தால் வேகம் கூடிவிட்டது. முதல் மணித்தியாலம் வேண்டுமென்றே மெதுவாகப் போங்கள். தேயிலைத் தோட்டத்தடி, யப்பானியர் கட்டிய சமாதான தாதுகோபம் வரை பாதை சாய்வு குறைவு என்பதால் எல்லோரும் பாய்வார்கள். விலை மேலே செங்குத்தில் தெரியும். முழுப் பாதத்தையும் படியில் வையுங்கள், நுனிக்காலில் ஏறினால் கெண்டைச் சதை பிடிக்கும். செங்குத்துப் பகுதியில் ஒவ்வொரு அடிக்கும் பின்காலை நேராக நிமிர்த்தி ஒரு கணம் நில்லுங்கள்; அந்தக் கணத்தில் பாரத்தை எலும்பு தாங்கும், தசை ஆறும். கைபிடிக் கம்பி உள்ள இடத்தில் பிடியுங்கள், அதில் வெட்கம் இல்லை. மூச்சு வாங்குவதை ‘உயர நோய்’ என்று பயப்பட வேண்டாம். அது பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான் ஆளைப் பிடிக்கும்.

இறங்குவதற்கு முன் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்து, கணுக்காலடியில் இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பாதம் முன்னுக்கு வழுக்கி, விரல் நுனி இடித்து, நகம் கறுக்கும். முதல்நாளே நகம் வெட்டியிருக்க வேண்டும். முழங்காலை எப்போதும் சற்று மடித்தபடி, சின்ன அடியாக, உயரமான படியில் பக்கவாட்டாக இறங்குங்கள். தொடை நடுங்கினால் பத்து நிமிடம் இருந்து ஏதும் சாப்பிட்டுவிட்டு எழும்புங்கள். ஊன்றுகோல் இறக்கத்தில் பாதி உயிர். கடையில் விற்கும் கோல் இல்லாவிட்டால் வேலியில் நேரான பூவரசந்தடி ஒன்றை வெட்டி, தோல் சீவிக் காயவிடுங்கள். முழங்கை செங்கோணமாக மடங்கும்போது கைக்கு வரும் உயரம் அளவு. இறக்கத்துக்கு நாலு விரல் நீளம் கூடுதலாக விடுங்கள். நுனியில் பழைய சைக்கிள் ரியூப் துண்டை இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கட்டினால் ஈரக் கல்லில் வழுக்காது.

பையின் பாரம் ஐந்து கிலோவைத் தாண்டக்கூடாது. தண்ணீர் மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் கணக்கு. இரண்டரை லீற்றர் கொண்டுபோய், வழிக்கடைகளில் அடைத்த தண்ணீர் வாங்கி நிரப்பலாம். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் உடம்பில் உப்பு ஐதாகி, தலையிடியும் சத்தியும் வரும். ஒரு பக்கெற் ஜீவனியை (நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்பு, சீனித் தூள்) ஒரு லீற்றரில் கரைத்து ஒரு போத்தலாக வையுங்கள், பக்கெற்றைப் பாதி பாதியாகப் போட வேண்டாம். மலசலகூடத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஏறும் பெண்கள் பலர். மேலே தலைசுற்றி இருப்பது அதனால்தான். கடைகள் உள்ள இடங்களில் தேவையோ இல்லையோ போய் வந்துவிடுங்கள்.

சாப்பாடு: தொடங்க ஒரு மணித்தியாலம் முன் ரொட்டியோ பாணோ, அளவாக. சோறு கட்டினால் மேலே சாப்பிட, அதுவும் கொஞ்சம். இடையில் முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எள்ளுருண்டை, கச்சான், பேரீச்சம்பழம், ஒரு கடி பனங்கட்டி. பசி வந்த பிறகு தின்றால் அது காலுக்கு வந்துசேர அரை மணித்தியாலம் பிந்தும்.

உடுப்பில்தான் வன்னிக்காரர் ஏமாறுவது. 100 மீற்றர் ஏற 0.6 பாகைக்கு மேல் வெப்பம் குறையும். பரந்தனில் 30 பாகை என்றால் உச்சியில் 15, 16. விடியலில் அதிலும் குறைவு, காற்று வேறு. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இரும்பு. வியர்வை உலரும் விளையாட்டு ரீசேட், தளர்ந்த காற்சட்டை. பையில் பொலித்தீனில் சுற்றிய உலர்ந்த சேட் ஒன்று, சுவெற்றர், மங்கி கப், ரெயின்கோட். உச்சிக்கு வந்ததும் முதல் வேலை நனைந்த சேட்டை மாற்றுவது. ஈரத்தோடு காற்றில் இருந்தால் கால் மணித்தியாலத்தில் பல் அடிக்கும். உச்சியில் பாதச்சுவட்டுக் கோயிலடியில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், கல் குளிரும், தடித்த சொக்ஸ் ஒரு சோடி கூட வையுங்கள். சப்பாத்து குறைந்தது ஒரு மாதம் போட்டு நடந்ததாக இருக்கட்டும். ‘போகவென்றே’ வாங்கிய புதுச் சப்பாத்து கொப்புளத்துக்கு அழைப்பு. ஓரிடம் சூடாக உரசுகிறது என்று தெரிந்ததும் நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள், கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பயன் குறைவு. தலையில் மாட்டும் ரோச், கொஞ்சம் உப்பு (அட்டைக்கு), குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பை. அந்தக் காடு 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. 1990 இலவச அம்புலன்ஸ் அடிவாரத்துக்குத்தான் வரும், மேலிருந்து ஆளை இறக்குவது உங்கள் எட்டுப் பேரின் தோள். அதனால் வேகம் குறைந்தவரை முன்னுக்கு விட்டு நடவுங்கள்.

திரும்பிய அடுத்த இரண்டு நாள் கதிரையில் இருந்து எழும்பத் தொடை விடாது, மூன்றாம் நாளில் நோ குறையத் தொடங்கும். மெதுவான நடை உதவும். சிறுநீர் தேயிலைச் சாயம்போலக் கறுத்துப் போனால் மட்டும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள், அது சிதைந்த தசை சிறுநீரகத்தை அடைக்கும் அறிகுறி.

அம்மாவின் விடயம். வயது ஒரு தடையில்லை, அவவிலும் மூத்தவர்கள் வருடாவருடம் ஏறுகிறார்கள். குளிசையைப் பார்க்க வேண்டும். பிறசருக்குக் கொடுக்கும் சில குளிசைகள் சிறுநீரை வெளியேற்றும், அதனால் தண்ணீர் சீக்கிரம் வற்றும். சில இதயத் துடிப்பைக் கூடவிடாது, ஏறும்போது களைப்பு முந்தி வரும். மலைக்கென்று குளிசையை நிறுத்தக்கூடாது. கிளினிக் கொப்பியோடு வைத்தியரிடம் போய், ‘ஆயிரம் மீற்றர் படி ஏறப்போகிறேன்’ என்று சொல்லியே கேட்கட்டும். ‘கோயிலுக்குப் போகிறேன்’ என்றால் அவர் தலையாட்டிவிடுவார். மாடிப்படி இரண்டு தட்டு ஏறும்போது நெஞ்சு இறுகினாலோ, இடது கைக்கு நோ பரவினாலோ பயணமே வேண்டாம். வைத்தியர் சம்மதித்தாலும் உங்களோடு படிப்பயிற்சி செய்யாமல் உச்சிக்கு வேண்டாம். சமாதான தாதுகோபம் வரை கூட்டிக்கொண்டு போய், ஒரு ஆளைத் துணைக்கு வைத்து, அங்கிருந்து மலையைக் கும்பிடச் சொல்லுங்கள். அந்தத் துணை ஆள் யார் என்பதைக் கிளிநொச்சியிலேயே தீர்மானியுங்கள்.