கபுகிச்சோவின் படிக்கட்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலக வேலையாக அடுத்த மாதம் டோக்கியோ போகிறேன். தங்குவது உவேனோவில். ஒரு சனிக்கிழமை மாலை மட்டும் கையில் இருக்கிறது. ஷின்ஜுகுவின் இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவைப் பார்க்க ஆசை. யூடியூபில் பாதிப்பேர் சொர்க்கம் என்கிறார்கள், மீதிப்பேர் அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்காதே என்கிறார்கள். உடன் வரும் நண்பர், தெருவில் ஆங்கிலம் பேசும் ஆட்கள் நிற்பார்கள், அவர்கள் கூட்டிப்போகும் பாரில் தள்ளுபடி உண்டு என்கிறார். எங்கே படமெடுப்பது? நான் சைவம், சாப்பிட ஏதும் கிடைக்குமா? இரவு எத்தனை மணிவரை இருக்கலாம்?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

இருக்கும் ஒரே மாலையில் ஓட்டல் அறையில் படுத்துக்கிடக்காமல் வேடிக்கை பார்க்கக் கிளம்புகிறீர்களே, அது நல்ல புத்தி. கபுகிச்சோ பயந்து ஒதுங்கவேண்டிய இடமல்ல. உங்கள் நண்பரைத்தான் நாலு வார்த்தை கேட்கவேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜப்பானின் இரவுத்தெருக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் விளக்கையே எழுதுகிறார்கள், படிக்கட்டை எவரும் எழுதுவதில்லை என்று சில நாட்களாகவே உள்ளே ஒரு குமைச்சல். உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுவோம். உவேனோவிலிருந்து யமனோத்தே ரயிலில் சுமார் 25 நிமிடம். ஷின்ஜுகுவில் கிழக்கு வாசல் என்ற பலகையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இருநூறுக்கும் மேற்பட்ட வாசல்கள் உள்ள நிலையம் அது. தவறி மேற்கே வெளியேறிவிட்டாலும் கலங்கவேண்டாம், 2020இல் திறந்த நடைவழியில் டிக்கெட் இல்லாமலே குறுக்கே வந்துவிடலாம். யாசுகுனி சாலையைத் தாண்டினால் சிவப்பு விளக்கு வளைவு. படம்? தோஹோ திரையரங்கின் மாடியில் எட்டிப்பார்க்கும் கோட்ஸிலாத் தலையை எல்லாரும் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். அந்தக் கட்டடத்தின் ஓரமாகக் கூடி உட்கார்ந்திருக்கும் சிறுவர் சிறுமியரை எடுக்காதீர்கள். பலர் வீட்டைவிட்டு வந்த பிள்ளைகள், காட்சிப்பொருள்கள் அல்ல. சைவம் என்றால், காய்கறிப் பண்டத்திலும் மீன்சாறு இருக்கும். வடக்கே கால்மணி நேரம் நடந்தால் ஷின்-ஓகுபோ. அங்கே நேபாளிக் கடைகளில் பருப்பும் சோறும் கிடைக்கும். சாப்பிட்டுவிட்டே வாருங்கள்.

இனி நண்பர் விஷயம். தெருவில் நின்று வாடிக்கையாளரை இழுப்பதைத் தடுக்க ஷின்ஜுகு நகராட்சி 2013இலேயே விதி கொண்டுவந்துவிட்டது. இழுப்பவர்கள் பின்னால் போகாதீர்கள் என்று ஒலிபெருக்கி மாலைமுழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்கு நேர் அடியில் நின்றுதான் அவன் உங்கள் நண்பரிடம் ‘மை ஃபிரெண்ட், ஒன் ஹவர் த்ரீ தவுசண்ட்’ என்பான். மூவாயிரம் யென் என்பது பொய்கூட அல்ல. கணக்கு எப்படி ஏறும் என்று ஒரு மாதிரிக்குப் பாருங்கள். இருவருக்கு 6,000. ஒரு மணி முடிந்ததும் உங்களைக் கேட்காமலே இன்னொரு மணி நீட்டிப்பு, இப்போது 12,000. பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு 1,500 வீதம் நான்கு கோப்பை, 18,000. அதன்மேல் சேவைக் கட்டணம் 20 சதவீதம், 21,600. அதன்மேல் நுகர்வு வரி 10 சதவீதம். ஆக 23,760 யென். சொன்ன தொகையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு, இத்தனைக்கும் இது ஓரளவு நாணயமான கடை. நாணயமில்லாத கடையில் கோப்பையில் மயக்கமருந்து கலந்து கார்டைத் தேய்த்துக்கொள்வார்கள். தூதரகங்கள் எச்சரிப்பது அதைத்தான். பில்லில் சண்டை வந்தால் கார்டைக் கையைவிட்டுக் கொடுக்காமல், பில்லோடு கோபானுக்கு, அதாவது தெருமுனைப் போலீஸ் சாவடிக்கு, வா என்று சொல்லுங்கள். அல்லது போலீஸ் எண் 110.

மறுபக்கமும் சொல்லவேண்டும். சாதாரண இசகாயாவில், அதாவது குடியோடு சிற்றுணவும் தரும் கடையில், உட்கார்ந்ததும் கேட்காமலே சின்னக் கிண்ணத்தில் ஏதோ ஒன்று வரும், ஓதோஷி. தலைக்கு 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். இதற்குப்போய் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று நம்மாட்கள் ஒரு நட்சத்திரம் போடுகிறார்கள். அது இருக்கைக்கான காசு, ஊர் வழக்கம். கபுகிச்சோவின் ‘கோல்டன் காய்’ சந்துகளில் உள்ள குட்டி பார்களிலும் அப்படித்தான். ஆறேழு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கடையில் இருக்கைக்குக் காசு கேட்காமல் என்ன செய்வான்? அங்கே கதவிலேயே தொகை எழுதியிருந்தால் நுழையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கதவு.

சரி, படிக்கட்டு. அந்தத் தெருவில் நீங்கள் பார்க்கப்போவது ஒல்லியான கட்டடங்கள். ஒரு மாடிக்கு ஒரு கடை, சில இடங்களில் இரண்டு. சுவரோரமாக நெடுக அடுக்கிய பெயர்ப்பலகைகள்தான் கடைவீதி. 1எஃப் என்றால் தரைத்தளம், நம் கணக்கில் முதல் மாடி அங்கே 2எஃப். பி1 நிலவறை. நாலைந்து பேர் நெருக்கி நிற்கும் லிஃப்ட் நேராகக் கடைக்குள்ளேயே திறக்கும். படிக்கட்டு எங்கே என்றே தெரியாமல் குடித்துவிட்டு இறங்கிவிடலாம். அதுதான் சிக்கல்.

2001 செப்டம்பர் 1, நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில், இதே கபுகிச்சோவில் மியோஜோ 56 என்ற கட்டடத்தில் தீப்பிடித்தது. மூன்றாம் தளத்தில் மாஜாங் விளையாட்டுக் கடை, நான்கில் பார். இருந்தது ஒரே படிக்கட்டு, அதில் கடைச்சாமான்கள் அடைத்துக்கிடந்தன. தானாக மூடவேண்டிய தீத்தடுப்புக் கதவு மூடவில்லை. படிக்கட்டு புகைபோக்கியாகிவிட்டது. 44 பேர் இறந்தார்கள். தப்பியது மூன்றாம் தளத்தில் இருந்த 3 பேர் மட்டும். நான்காம் தளத்தில் ஒருவர்கூடத் தப்பவில்லை. 2002இல் தீயணைப்புச் சட்டத்தையே கடுமையாக்கினார்கள்.

அதற்கு இருபத்தொன்பது ஆண்டுகள் முன்பு, ஒசாகாவின் நம்பாவில் இதைவிடப் பெரியது நடந்தது. 1972 மே 13 இரவு, சென்னிச்சி பல்பொருள் அங்காடியின் மூன்றாம் தளத்தில் தீ. ஏழாம் தளத்தில் காபரே. தீ அந்தத் தளத்தைத் தொடவே இல்லை, புகை மட்டும் காற்றுக்குழாய், லிஃப்ட் குழி, படிக்கட்டு வழியாக ஏறிவந்தது. 118 பேர் செத்தார்கள், அதில் பலர் சன்னலிலிருந்து குதித்தவர்கள். இன்று அந்த இடத்தில் பிக் கேமரா கடை இருக்கிறது, நம்பா போகிறவர்கள் அங்கே சார்ஜர் வாங்குகிறார்கள். யாரும் அறியாமல் போவதில் தப்பில்லை. ஆனால் அதே மாதிரி ஏழாம் தளத்தில் உட்காரும்போது இரண்டு நிமிடம் செலவழிக்க என்ன கேடு?

செய்யவேண்டியது இவ்வளவுதான். லிஃப்டில் ஏறுங்கள். உட்காரும்முன், பச்சைப் பலகையில் ஓடும் மனிதன் எங்கே இருக்கிறான் என்று பாருங்கள். உலகமெங்கும் தொங்கும் அந்தப் படம் ஜப்பானில்தான் பிறந்தது. அவன் காட்டும் கதவைத் தள்ளிப்பாருங்கள். பீர் கிரேட்டும் ஈரத்துண்டுப் பெட்டியும் மடக்கிய விளம்பரப் பலகையும் படியில் அடுக்கியிருந்தால் அப்படியே லிஃப்டில் இறங்கிவிடுங்கள், பக்கத்துக் கட்டடத்திலும் பீர் விற்கிறார்கள். கதவு மூடாதபடி கட்டை முட்டுக்கொடுத்திருந்தாலும் அதே. தீத்தடுப்புக் கதவு மூடினால்தான் தீயைத் தடுக்கும். சன்னல் வெளியிலிருந்து விளம்பரத்தட்டியால் அடைபட்டிருக்கிறதா, தப்பிக்கும் ஏணிப்பெட்டியின்மேல் சாமான் ஏற்றி வைத்திருக்கிறார்களா என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இதற்கு ஜப்பானிய மொழி தேவையில்லை. தெருவில் கூப்பிடுகிறவன் பின்னால் போனால் இதையெல்லாம் பார்க்கவிடாமல் பேசிக்கொண்டே இருக்கையில் உட்காரவைத்துவிடுவான். அவனோடு போகாதீர்கள் என்று நான் மன்றாடுவதற்குப் பில் பாதிக் காரணம்தான்.

நேரம் கேட்டிருந்தீர்கள். நள்ளிரவு பன்னிரண்டுக்கு நிலையத்துக்குள் இருங்கள், சரியான நடைமேடையைக் கண்டுபிடிக்கவே பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும். ரயிலை விட்டால் காலை நாலரை வாக்கில்தான் அடுத்தது, அல்லது டாக்ஸி. இரவு பத்திலிருந்து காலை ஐந்துவரை 20 சதவீதம் கூடுதல். பின்கதவு தானாகத் திறக்கும், நீங்கள் இழுக்கவேண்டாம். அந்தக் காசை நண்பரே கொடுக்கட்டும்.