ஆளில்லாத இடமா?

கேள்வி: அணுகுண்டு வைத்துத் துறைமுகம் தோண்டலாம், கால்வாய் வெட்டலாம் என்று அமெரிக்கா ஒரு காலத்தில் திட்டம் போட்டதாமே? ஆளில்லாத இடமாகப் பார்த்துச் செய்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஏன் கைவிட்டார்கள்? (ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: திட்டம் உண்மைதான். 1957-ல் தொடங்கினார்கள். பெயர் ‘பிளவ்ஷேர்’, அதாவது கலப்பையின் கொழு. வாளைக் கொழுவாக அடிப்பார்கள் என்று பைபிளில் ஏசாயா சொல்வதிலிருந்து எடுத்த பெயர். 1962 ஜூலையில் நெவாடா பாலைவனத்தில் 104 கிலோடன் குண்டைப் புதைத்து வெடித்ததில் 390 மீட்டர் அகலத்துக்கு, 100 மீட்டர் ஆழத்துக்குக் குழி விழுந்தது. கதிரியக்கத் தூசும் மேகமாகக் கிளம்பிப் பல மாநிலங்களுக்குப் போனது. அப்புறம் பூமிக்கடியில் வெடித்து எரிவாயு எடுத்துப் பார்த்தார்கள். வந்த வாயுவிலும் கதிரியக்கம். அதை யாரும் வாங்கவில்லை. 27 சோதனைகளோடு கடையைக் கட்டினார்கள்.

சரி, என்னை உறுத்துவது உங்கள் ‘ஆளில்லாத இடம்’. இந்தச் சொல்லோடு இதே பக்கத்தில் எத்தனையோ முறை மல்லுக்கு நின்றிருக்கிறேன். ஏரி, மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு என்று ஊரே புழங்கிய நிலம் புறம்போக்கு. வரி வராத நிலம் என்பதற்காகக் கணக்கில் அப்படி எழுதினார்கள். நாம் அதை ஆளைத் திட்டும் வசவாக்கி வைத்திருக்கிறோம். யார் பெயரிலும் பட்டா இல்லையென்றால் அங்கே யாருமே இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

அலாஸ்காவிலும் இதே கணக்குதான். ஹைட்ரஜன் குண்டு புகழ் எட்வர்ட் டெல்லர் 1958-ல் அங்கே போய், வடமேற்குக் கரையில் கேப் தாம்ஸன் பக்கம் அணுகுண்டால் துறைமுகம் வெட்டித் தருகிறோம் என்றார். அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் பாயின்ட் ஹோப். அலாஸ்காவின் பூர்வகுடிகளான இனுபியாட் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர். குண்டு வைக்கக் குறித்த பூமியில்தான் அவர்கள் கரிபூ மான் வேட்டையாடுவார்கள். பக்கத்துச் செங்குத்துப் பாறைகளில் கயிறு கட்டி இறங்கிக் கடற்பறவை முட்டை எடுப்பார்கள்.

1959-ல் ஊர்க் கவுன்சில் கூடி ‘வேண்டாம்’ என்றது. 1960 மார்ச்சில் அணுசக்தி ஆணைய அதிகாரிகள் வந்து சமாதானம் சொன்னார்கள். அந்தக் கூட்டம் டேப்பில் பதிவானது. மறு வருடம் ஊர் மக்கள் கென்னடிக்கே கடிதம் எழுதினார்கள்.

அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் குளிர் நிலத்தில் பாசி போலத் தரையோடு படரும் லைக்கனுக்கு வேர் கிடையாது. காற்றில் வந்து படிவதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். பனிக்காலத்தில் கரிபூவுக்கு அதுதான் தீனி, மனிதருக்குக் கரிபூ. குண்டுத் தூசு சோற்றுத் தட்டுக்கு வர இவ்வளவு குறுக்கு வழி வேறு எங்கே இருக்கிறது? இடத்தை ஆராயப் போன உயிரியலாளர்கள் லெஸ் வீரெக்கும் வில்லியம் புருயிட்டும் ஆபத்தை மறைக்காமல் சொன்னார்கள். இருவருக்கும் பல்கலைக்கழக வேலை போனது. அதே பல்கலைக்கழகம் 1993-ல் அவர்களைக் கூப்பிட்டு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

1962-ல் அலாஸ்காத் திட்டம் நின்றது. பாயின்ட் ஹோப்பில் பிறந்த ஓவியர் ஹோவர்ட் ராக் அந்த அக்டோபரில் ‘டண்ட்ரா டைம்ஸ்’ பத்திரிகையைத் தொடங்கி, 1976-ல் சாகும்வரை ஆசிரியராக இருந்தார். நம் ஊருக்குக் கேடு வந்தால் நாமே அச்சடித்துச் சொல்ல வேண்டும் என்று தூரிகையை வைத்துவிட்டுப் பேனா எடுத்த மனிதர். பத்திரிகைத் தொழிலில் நான் கும்பிடும் சிலரில் ஒருவர்.

நஷ்டம் யாருக்கு என்று கேட்டீர்கள். திட்டம் நின்ற அதே 1962 ஆகஸ்டில், நெவாடாவிலிருந்து கதிரியக்க மண்ணைக் கொண்டுவந்து கேப் தாம்ஸனில் ஒரு சோதனைக்குப் பயன்படுத்தி, அங்கேயே புதைத்துவிட்டுப் போனார்கள் அரசாங்க விஞ்ஞானிகள். நான் முதலில் சொன்ன நெவாடா குழியின் தூசும் அதில் இருந்தது. ஊராருக்கு விஷயம் தெரிந்தது 1992-ல்.